பதினோராவது பெயர்

போடியில் ஏலமலை கால்பந்துக் கழகத்தின் ஆண்டு விழா, பெயர் வாசிப்பில்தான் தொடங்கும். அறுபத்தாறில் மலையேறிப் போய் மூணாறு எஸ்டேட் கோப்பையைத் தூக்கி வந்த பதினொரு பேரின் பெயரையும் செயலாளர் மைக்கில் வரிசையாக வாசிப்பார். உயிரோடு இருப்பவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். செத்தவர் பெயர் வந்தால் நடுவர் ஒரு நீள விசில் ஊதுவார். அந்தக் காலத்து டிரில் வாத்தியார் விடிகாலைப் பயிற்சியில் ஆஜர் எடுத்த வழக்கம் அது. வாத்தியார் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகியும் கழகம் அதை விடவில்லை.

பதினோராவது பெயர் பலவேசம். இடது ஓரத்தில் ஓடியவர். வயது எண்பத்திரண்டு. கடைவீதியில் மூன்று தலைமுறையாக நடக்கும் பலசரக்குக் கடையை மகன் விஜய்ராஜிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆறு வருடமாக விழாவில் பத்து விசிலும் ஒரே ஒரு உள்ளேனும்தான். அந்தப் பத்து விசிலும் முடியும்வரை அவர் அசையமாட்டார். பிறகு மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மெதுவாக எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொல்வார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆகும். வருடத்தின் மற்ற நாட்களையெல்லாம் அவர் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பலவேசம் ஆடிய காலத்தில் சுமாரான ஆட்டக்காரர். அந்த இறுதி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலைப் போட்டது நடுவில் ஆடிய பிச்சைமணி. அனுமந்தன்பட்டியில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. மூடுபனியில் பந்தே தெரியாத நேரத்தில் இருபது கஜத்திலிருந்து அடித்தான். தொண்ணூறுகளில் பலவேசம் அந்தக் கதையைச் சொன்னபோது, பந்தைப் பிச்சைமணிக்குத் தான்தான் கொடுத்ததாகச் சொன்னார். கோல்கீப்பர் இறந்த பிறகு, பந்து பிச்சைமணியின் காலில் பட்டுத் தன்னிடம் வந்தது என்றார். கடைசிச் சாட்சியான வேலுச்சாமியையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த வருடம், கோலைத் தானே போட்டுவிட்டார். ஒவ்வொரு சாவுக்கும் பந்து கொஞ்சம் கொஞ்சமாக இடது ஓரத்துக்கு உருண்டு வந்தது.

பிச்சைமணியை மொத்தமாக விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மேடையில் மைக் கிடைத்தால் அவனை வைத்து ஒரு கதை சொல்லுவார். விடிகாலையில் அப்பா தன்னைக் கடையில் மூட்டை இறக்க நிறுத்திக்கொள்வார், பயிற்சிக்கு நேரமாகிவிடும், வாத்தியார் பலவேசம் என்று கூப்பிட்டதும், பின் வரிசையில் நின்று பிச்சைமணி பலவேசத்தின் குரலிலேயே, மூக்கால், கடைசி எழுத்தை விழுங்கி, "உள்ளேன் ஐயா" என்பான். மூன்று வருடம் வாத்தியார் கண்டுபிடிக்கவே இல்லை. பலவேசம் அந்தக் குரலை அப்படியே செய்து காட்டுவார். வருடா வருடம் கேட்டாலும் ஜனம் சிரிக்கும். கழகத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம்.

கதையைச் சொல்லி முடித்ததும் முகத்தைத் தொங்கப் போட்டு, "நல்ல பய, சீக்கிரம் போயிட்டான்" என்பார். பிச்சைமணி போகவில்லை. நிலத்தை விற்றுவிட்டு வருசநாட்டுப் பக்கம் இலவந்தோப்புக் காவலுக்குப் போனவன், தொண்ணூற்று நான்கில் மஞ்சள்காமாலையில் விழுந்தான். பஞ்சு வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தபோது, இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டான் என்றார். பலவேசம் நியாயமாக ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் கழகத்தில் போய், செத்துவிட்டான் என்றும் தானே நேரில் போய் மாலை போட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். அந்த வருடத்திலிருந்து விசில் ஊதுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஆண்டிபட்டி பேருந்து நிலையத்தில் பிச்சைமணி கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று, அவன் பேருந்து கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தார். அதோடு அது பொய்யாகிவிட்டது. அதற்கு முன்பு வெறும் அவசரம்.

இந்த வருடம் கழகத்துக்குப் பவள விழா. கோவையில் மில் வைத்திருக்கும் பழைய உறுப்பினர் ஒருவர் மைதானத்தின் மேற்குப் பக்கம் கேலரி கட்டிக்கொடுத்தார். உயிரோடு இருப்பவர்களில் வயதில் மூத்த ஆட்டக்காரரின் பெயரைத்தான் அதற்கு வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. வேறு யார்? பலவேசம் கல்வெட்டுக்காரரிடம் தானே போய், பெயருக்கு முன்னால் 'திரு' வேண்டுமா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

செயலாளர் சூரியபிரகாஷ் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்பவர். எதையும் அரைகுறையாக விடாத ஆள். மூத்தவர் வேறு யாரும் எங்கேயாவது இருந்துவிடக் கூடாதே என்று, அறுபத்தாறின் குழுப் படத்தை வாட்சப்பில் ஊர் ஊராக அனுப்பினார். படத்தில் பாதி முகங்களைப் பூச்சி தின்றிருந்தது. மூன்றாம் நாள் கடமலைக்குண்டிலிருந்து தேவயானி என்ற பெண் பதில் போட்டாள். நடுவில் நிற்பவர் தன் அப்பா என்றும், வயது எண்பத்து மூன்று என்றும், நன்றாகத்தான் இருக்கிறார் என்றும்.

சூரியபிரகாஷ் காரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். பார்த்து அடையாளம் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. பலவேசத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பி, தேனி தாண்டும்வரை செயலாளர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். பிறகு, பாதையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீங்க மாலை போட்டதா பொன்விழா மலர்ல எழுதியிருக்கீகளே ஐயா. அதான் எனக்குக் குழப்பமா இருக்கு."

எழுதினதுதான் என்றார் பலவேசம். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார்.

தேவயானியின் வீடு இலவம்பஞ்சு குடோனை ஒட்டி இருந்தது. பஞ்சுத் துகள் ஜன்னல் கம்பியிலும் கொடியில் காய்ந்த துணியிலும் ஒட்டிக்கிடந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிச்சைமணி உட்கார்ந்திருந்தார். வற்றிப்போன உடம்பு, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. கார் கதவைச் சாத்தின சத்தத்துக்கு நிமிர்ந்தவர், வந்தவர்கள் படி ஏறுவதற்குள்ளேயே சிரித்தார்.

"செருப்ப இழுத்து இழுத்து வாரது பலவேசந்தான? ஏலே, இன்னும் கால தூக்கி வைக்கப் படிக்கலையா நீ?"

செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பேனர் அடிப்பவன் போன் செய்தான். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. சூரியபிரகாஷ் தெருமுனைக்குப் போனார். தேவயானி சாயா போட உள்ளே போனாள். இருவரும் தனியாக இருந்தார்கள்.

பிச்சைமணி கையை நீட்டினார். பலவேசம் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிச்சைமணி குறைபட்டுக்கொள்ளவில்லை. மகள் போனில் விழா வீடியோ எல்லாவற்றையும் காட்டினாளாம்: விசில் ஊதுவதையும், மாலை போட்ட கதையையும், கோல் விழுந்த கதையையும். கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோல நீயே வச்சுக்கடா. போட்டு அறுவது வருசமாச்சு, அத வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? மேடையும் வேணாம், துண்டும் வேணாம். நான் செத்தா நம்ம பயலுக பதினொருத்தன் வந்து, மைதானத்த ஒரு சுத்து சுத்தி எடுத்துட்டுப் போயி எரிக்கட்டும். அது ஒண்ணு போதும்."

கழகத்து ஆட்டக்காரன் செத்தால் பாடை முதலில் மைதானத்துக்குத்தான் வரும். நீலச் சட்டை போட்ட பதினொரு பேர் அதைத் தூக்கிக்கொண்டு கோட்டு ஓரமாக ஒரு சுற்று வந்து, நடு வட்டத்தில் இறக்கி வைத்து, காலடியில் பந்தை வைத்து எடுப்பார்கள். சாதி சனம் என்ன முறை செய்தாலும் அதற்குப் பிறகுதான். கூட ஆடியவர்களில் ஒன்பது பேருக்கும் அது நடந்தது. பலவேசமே தோள் கொடுத்திருக்கிறார்.

சரிடா என்பதுபோல் பலவேசம் தலையாட்டினார். அந்த நிமிடம் மனப்பூர்வமாகத்தான் ஆட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம். கோல் பத்திரம். கேட்டது ஒரு சுற்று. கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? ஆனால் செயலாளர் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆமாம் என்றால், அப்புறம் மாலை போட்டது யாருக்கு என்று கேட்பார். ஒரு வயது மூத்தவன் இவன். கல்லில் கொத்திய பெயரை அழிக்க வேண்டி வரும். பத்து விசில் ஒன்பதாகும். எழுந்து நிற்பவர்கள் இரண்டு பேராவார்கள். அந்த இரண்டு நிமிடக் கைதட்டலில் பாதி இந்தப் பஞ்சு ஒட்டிய கிழவனுக்குப் போகும்.

"இவருதானா ஐயா?" என்றார் சூரியபிரகாஷ்.

பலவேசம் பிடித்திருந்த கையை விட்டார்.

"இல்லப்பா. அவன நான் என் கையால மாலை போட்டு அனுப்புனேன். இவரு யாரோ பாவம். வயசாயிருச்சுல்ல, யார் சொன்னதையோ கேட்டு மனசுல போட்டுக் குழப்பிக்கிட்டாரு."

தேவயானி சாயாத் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். சூரியபிரகாஷுக்கு ஏமாற்றம் கோபமாகிவிட்டது. பெரிய மனுசர்களை நூறு மைல் அலைய வைப்பது நல்லதில்லை என்றும், விழா என்று வந்தால் இப்படி நாலு பேர் கிளம்பத்தான் செய்வார்கள் என்றும் அவளைப் பார்த்துச் சொன்னார். எங்கப்பா இவரப் பேரு சொல்லித்தான கூப்பிட்டாரு என்று அவள் ஆரம்பித்தாள். பலவேசம் படம்தான் ஊரெல்லாம் பேனரில் தொங்குகிறதே என்றார் செயலாளர். அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

பிச்சைமணி வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மட்டும், சாயா ஆறுது, குடித்துவிட்டுப் போங்கள் என்றார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவரை ஊருக்குள் கொன்றதைக்கூட மன்னித்துவிடலாம். எதிரே உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு கொன்றதை என்னவென்று சொல்வது? திரும்பும் வழியில் தேனியில் பரோட்டாக் கடையில் நிறுத்தினார்கள். பலவேசம் நன்றாகவே சாப்பிட்டார்.

விழா நாளில் நாலு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. புதுக் கேலரியின் சுவரில் கல்வெட்டு. அதன்மேல் நீலத் திரை. திரையிலிருந்து மேடை வரைக்கும் கயிறு. பலவேசம் மேடையில் நடு நாற்காலியில் பட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சூரியபிரகாஷ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். பலவேசத்தைத் தவிர எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோல்கீப்பருக்கு விசில். பின்வரிசை இருவருக்கும் விசில். பலவேசம் எண்ணிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது பெயர், பிச்சைமணி. நடுவர் ஊதினார். அந்த நீளச் சத்தத்துக்கு நடுவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசி ஆளாகத் தேவயானி நிற்பதைப் பலவேசம் பார்த்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த சட்டையில், பிச்சைமணி நின்றுகொண்டிருந்தார். எல்லோரையும் போலவே தலையைக் குனிந்து, தன் சாவுக்குத் தானே எழுந்து நின்றுகொண்டிருந்தார். சாவதற்குள் மைதானத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மகளை நச்சரித்து, மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாராம். விசில் முடிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

பத்தாவது, வேலுச்சாமி. விசில்.

"பலவேசம்," என்றார் செயலாளர்.

பலவேசம் எழுந்தார். பொத்தானைப் போட்டார். தொண்டையில் சத்தம் வரவில்லை. குற்ற உணர்ச்சி என்று அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டாம், பயம். தொட்டிப் பக்கத்திலிருந்து அந்தக் கிழவன் இப்போது கத்திவிடுவான், இதோ கத்தப்போகிறான் என்கிற பயம். செயலாளர் இரண்டாவது முறை கூப்பிட்டார். பலவேசம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்துப் பெயருக்கு ஊதிய பழக்கத்தில் நடுவரின் கை விசிலோடு வாய்வரைக்கும் போய்விட்டது.

"உள்ளேன் ஐயா."

கூட்டத்தின் கடைசியிலிருந்து வந்தது. மூக்கால். கடைசி எழுத்தை விழுங்கி.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தெரிந்த கதைதானே, எவனோ குறும்புக்காரன் செய்கிறான் என்று நினைத்தார்கள். பிறகு பின்னால் நின்றவர்கள் திரும்பிச் சொன்னது யார் என்று பார்த்தார்கள். சிரிப்பு கடைசி வரிசையில் நின்றது. பிறகு அதற்கு முந்தின வரிசையில். அப்படியே வரிசை வரிசையாக நின்றுகொண்டே வந்து மேடைக்கு முன்னால் அடங்கியது. பலவேசத்தின் அந்தப் பழைய குரல் பலவேசத்தைத் தவிர ஒருத்தனுக்குத்தான் வரும் என்பதை முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பலவேசமேதான். தவளை தன் வாயால் கெடும்.

சூரியபிரகாஷ் மைக்கை வைத்துவிட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொட்டிவரைக்கும் நடந்தார். பிச்சைமணி பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவரைப் போல நின்றார். ஏன் சொன்னீர்கள் என்று செயலாளர் கேட்டார்.

"அவன் எப்பவும் லேட்டு சார்," என்றார் பிச்சைமணி. "பழக்கம். வாய்ல வந்துருச்சு."

நட்பில் சொன்னாரா, பழி வாங்கச் சொன்னாரா, உண்மையிலேயே பழக்கந்தானா என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். தேவயானி மட்டும் செயலாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் காலில் விழாத குறை. அன்றைக்குத் திரைக் கயிற்றை யாரும் இழுக்கவில்லை. பலவேசத்தை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. அது நடந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விஜய்ராஜ் ஆட்டோ பிடித்து, அப்பாவைப் பார்க்காமலே ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

பிச்சைமணி அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். தை மாதம் ஒரு காலையில் தூக்கத்திலேயே போனார். கழகத்துப் பிள்ளைகள் வேன் பிடித்துக் கடமலைக்குண்டுக்குப் போய்க் கொண்டுவந்தார்கள். சுற்று தொடங்கும்போது பலவேசமும் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோள் கொடுக்கப் போனார். முன்னால் நின்ற அணித் தலைவன் பால்பாண்டி, குரலை உயர்த்தாமலே, வேண்டாம் ஐயா, பதினொரு பேர் இருக்கிறோம் என்றான். பலவேசம் போய்க் கேலரியில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே கல்வெட்டில் பிச்சைமணியின் பெயர் இருந்தது. ஒரு சுற்று கேட்டவனுக்குப் பிள்ளைகள் மூன்று சுற்று சுற்றினார்கள். மூன்று முறையும் பாடை அவருக்கு முன்னால் போனது.

இனி பாக்கி அவர் ஒருவர்தான். எப்படியிருந்தாலும் அதை யாரும் மறுக்க முடியாது என்று பலவேசம் நினைத்தார். இந்த முறை உண்மையாகவே பத்து விசில். ஜனத்துக்கு ஞாபகம் எத்தனை நாள்? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். குரல் கணீரென்று வந்தது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவரை மேடைக்கு யாரும் அழைக்கவில்லை. பரவாயில்லை என்று மூன்று மணிக்கே போய்க் கேலரியின் முன் வரிசையில் உட்கார்ந்தார். தொண்டை வறளாமலிருக்க ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தார்.

சூரியபிரகாஷ் வாசித்தார். ஒன்பதாவது பெயருக்கு விசில் மற்றதைவிட நீளமாக ஒலித்தது. பத்தாவது, வேலுச்சாமி. விசில். பலவேசம் எழுந்தார். மேல் பொத்தானைப் போட்டார். மைதானம் அமைதியாக இருந்தது. செயலாளர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குத்துவிளக்கு ஏற்ற விருந்தினர்களை வருமாறு அழைத்தார்.

வாசிக்காத பெயருக்கு உள்ளேன் சொல்ல முடியாது. விசிலும் ஊதமாட்டார்கள். கூட்டம் உட்கார்ந்தது, பலவேசம் நின்றுகொண்டே இருந்தார். மேடையில் விளக்கின் ஒரு திரி எரிந்தது, இன்னொன்று எரிந்தது. பின் வரிசையிலிருந்து யாரோ அவர் முதுகை விரலால் தொட்டார்கள்.

"மறைக்குது ஐயா. உக்காருங்க."